ஒன்றாம் நம்பரில் வைத்த டிரில்

டிரைவருக்குக் காது என்றால் அப்படி ஒரு காது. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிப் பழகிய காது. அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் யார் வீட்டு மிக்ஸி இருமினாலும், ஃபேன் முனகினாலும் அவருக்குத்தான் ஆள் வரும். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, டாக்டர் நாடி பார்ப்பது போல ஒரு நிமிஷம் கேட்பார். "பேரிங் போச்சு" என்பார். போயிருக்கும். போகாவிட்டாலும் அவர் சொன்னபிறகு பயத்திலேயே போய்விடும் என்று கீழ்வீட்டு டெய்லர் சொல்வதுண்டு. அவர் இல்லாதபோதுதான்.

அவர் வீட்டுக்குத்தான் அந்த டிரில் வந்தது. வயர் கிடையாது, பேட்டரியில் ஓடும், பச்சை நிறம், விலை மலிவு. விற்றவன் அவர் மனைவியின் தம்பி. ஹார்டுவேர் கடையில் கவுண்டரில் நிற்கிறவன். பெரிய கம்பெனிச் சரக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றிருந்த முதலாளியிடம், "வீட்டுல ஒரு திரைக்கம்பி மாட்ட, ஒரு அலமாரிக் கதவு முடுக்க இது தாராளம் முதலாளி, நான் பொறுப்பு" என்று பேசிப் பேசியே இறக்கவைத்திருந்தான். அக்கா வீடு போக, அந்தக் கட்டடத்திலேயே இன்னும் நாலு வீட்டில் வாங்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை, ஜன்னலின் மரச்சட்டத்தில் திரைக்கம்பி மாட்ட டிரைவர் ஸ்டூலில் ஏறினார். டிரில்லின் மூக்கருகே ஒரு வளையம். அதில் ஒன்று முதல் பதினெட்டு வரை நம்பர், கடைசியில் ஏதோ ஒரு குட்டிப் படம். கூட வந்த புத்தகத்தை அவர் பிரிக்கவே இல்லை. பஸ் என்ன, புத்தகம் பார்த்தா ஓட்டினார்? மேடு ஏறவும் பாரம் இழுக்கவும் ஒண்ணாம் கியர். சட்டமோ பழைய மரம், கல் மாதிரி. வளையத்தைத் திருகி ஒன்றில் வைத்தார். அமுக்கினார்.

கடகடகடவென்று ஒரு சத்தம். துளைபோடும் பிட் மரத்தில் நுனி மூக்கை நுழைத்துவிட்டு நின்றுவிட்டது. உள்ளே மட்டும் ஏதோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கியர் போச்சு!" என்றார். சொன்னது மனைவியிடம். கேட்டது மூன்று மாடியும்.

பத்தே நிமிஷத்தில் மாடிப்படியில் கூட்டம். செத்த எலியை வாலில் பிடித்த மாதிரி டிரில்லைத் தூக்கிக் காட்டினார். இரண்டாம் மாடி டீச்சர், "என்னோடது நல்லாத்தானே ஓடுச்சு?" என்று இழுத்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். "இல்ல, லேசா ஒரு சத்தம் வந்த மாதிரி..." என்று அவளே திருத்திக்கொண்டாள். மற்ற வீடுகளில் இன்னும் பெட்டியே பிரிக்கவில்லை.

கடைக்குப் போனார். சனிக்கிழமைக் கூட்டம். கவுண்டரில் கிடந்த ஒரு கட்டையில் வைத்து அமுக்கிக் காட்டினார். கடகட.

"மாமா, குடுங்க, ஒரு தடவ நான்..." மைத்துனன் கை நீட்டினான்.

"நீ ஓட்டிக் காட்ட வேணாம் மாப்ள. கியர் சத்தம் எனக்கு நீ சொல்லித்தரப் போறியா?"

வளையத்துக்குப் பக்கம் வரைக்கும் வந்த கை, அப்படியே நின்றது. பிறகு பின்னால் போய் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. முதலாளி வேறொரு டிரில்லை எடுத்துக் கொடுத்தார். டிரைவர் அதையும் ஒன்றில் வைத்து அதே கட்டையில் அமுக்கினார். அதிலும் கடகட.

"சரக்கே சொத்தை" என்று தீர்ப்பு சொல்லி, அந்த இரண்டாவதைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மற்ற வீட்டுப் பெட்டிகளும் கடைக்குத் திரும்பின. திங்கட்கிழமை மைத்துனனைக் கவுண்டரிலிருந்து எடுத்து, குடோனில் பைப் தூக்கப் போட்டார்கள். "படிச்ச பையன், பாவம்" என்று டெய்லர் உச்சுக்கொட்டினார். "தெரியாத சாமானை ஏன் விக்கணும்?" என்றார் டிரைவர்.

புதன்கிழமை அவருக்கு ஓய்வு நாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவரை ஒரு சத்தம் எழுப்பியது. ஊய்ங் என்று வழுக்கிக்கொண்டு போகிற, குறையே சொல்லமுடியாத சத்தம். எழுந்துபோய்ப் பார்த்தால், மனைவி ஸ்டூலில் நிற்கிறாள். சட்டத்தில் நாலு ஸ்க்ரூவும் தலை பதிய இறங்கியிருக்கின்றன. திரைக்கம்பி நேராக நிற்கிறது.

"எப்படி?"

"ஓட்டை போட இந்தப் படத்துல வைக்கணும். ஸ்க்ரூவுக்கு ஒரு பத்து, பன்னெண்டு." அவள் இறங்கவில்லை. மேலேயிருந்தே சொன்னாள். "ஒண்ணுல வெச்சா கொஞ்சம் இறுகினதும் தானா விட்டுடும். சின்ன ஸ்க்ரூ கெடாம இருக்கறதுக்கு. அந்தக் கடகட அதுதான். புத்தகத்துல படம் போட்டு வெச்சிருக்கான்."

டிரைவர் வளையத்தைப் பார்த்தார். ஒன்றுதான் இருப்பதிலேயே பலவீனம். பஸ்ஸுக்கு நேர் தலைகீழ். காதின் நுனியிலிருந்து கழுத்துவரை சூடு இறங்கியது.

"உன் தம்பிக்கு இது தெரியாதா?"

"தெரியாமலா? அன்னிக்கே வளையத்தைப் பார்த்துட்டானாம். நேத்து நான் துருவித் துருவிக் கேட்டப்புறம்தான் சொன்னான். 'அவ்வளவு பேர் முன்னாடி மாமாகிட்ட ஒண்ணுல வெச்சிருக்கீங்கன்னு எப்படிக்கா சொல்றது, சிரிப்பாங்கல்ல'ன்னான்."

நீண்டு வந்து நின்ற அந்தக் கை அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். சட்டையை மாட்டினார், கழற்றினார், திரும்ப மாட்டினார். டிரில்லைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

கீழே டெய்லர். "இப்ப நல்லா ஓடுன சத்தம் கேட்டுச்சே டிரைவர் சார்?"

வாய் சொன்னது, அவர் சொல்லவில்லை: "ம், கொஞ்சம் சரி பண்ணேன்."

"அதானே! நீங்க கை வெச்சா ஓடாம இருக்குமா? கம்பெனிக்காரனே உங்ககிட்ட வந்து கத்துக்கணும்."

கடை வரைக்கும் அந்தப் பாராட்டு செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி கூடவே வந்தது.

கடை வாசலில் பைப் ஏற்றிவந்த வண்டி நின்றது. மைத்துனன் தோளில் பைப் கட்டோடு குடோனுக்குள் போய்க்கொண்டிருந்தான். சட்டை முழுக்கச் சிமெண்டுத் தூசி. மாமாவைப் பார்த்து, சுமையோடு சுமையாகச் சிரித்தான். டிரைவரால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை.

கவுண்டரில் ஏழெட்டுப் பேர். ஒரு பலகைத் துண்டு கேட்டார். ஒன்றில் வைத்து அமுக்கினார். கடகட. படத்தில் வைத்து அமுக்கினார். ஊய்ங். பலகையில் ஓட்டை.

"டிரில்லுல கோளாறு இல்ல முதலாளி. நான்தான் ஒண்ணாம் கியர்னு நெனச்சு வெச்சிட்டேன்."

வரிசையில் ஒருவன் குலுங்கிச் சிரித்தான். "பஸ்ஸுல வர்றப்ப இனிமே கம்பியை நல்லாப் பிடிச்சுக்கணும்பா!"

கடை சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "சரி டிரைவர் சார். ஆனா இதுகூடத் தெரியாதவனை நான் எப்படிக் கவுண்டர்ல நிறுத்தறது? அன்னிக்கு அவன்தானே சொல்லியிருக்கணும்?"

இதோடு முடிந்தது என்று டிரைவர் நினைத்திருந்தார். முடியவில்லை. பலகையில் போட்ட ஓட்டையைக் கட்டைவிரலால் மூடினார், திறந்தார்.

"அவனுக்குத் தெரியும். சொல்ல வந்தான். நான்தான் அவனைத் தொடவிடல. எனக்கு அவமானமாகிடக்கூடாதுன்னு வாயை மூடிட்டு உங்க பைப்பைத் தூக்கறான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

முதலாளி குடோன் பக்கம் குரல் கொடுத்தார். "டேய், மூஞ்சியைக் கழுவிட்டு வா. கூட்டம் நிக்குது."

ஈரமுகத்தோடு வந்த மைத்துனன் விஷயம் புரிந்து, கவுண்டருக்கு மேல் குனிந்து மெல்லச் சொன்னான்: "எதுக்கு மாமா? ரெண்டு மாசத்துல தானா சரியாகியிருக்கும்."

அவர் தலை நிமிரவில்லை. "நாலு வீட்டுக்கும் திரும்ப எடுத்து வை மாப்ள. நான் போய்ச் சொல்றேன்."

திரும்பி வந்தபோது டெய்லர் வாசலிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் மரியாதை. "சார், என் தையல் மிஷின் மோட்டார்ல ஒரு சத்தம். ஒரு நிமிஷம் கேட்டுச் சொல்லிடுங்களேன்."

டிரைவர் உள்ளே போனார். தலையைச் சாய்க்கவில்லை, கண்ணையும் மூடவில்லை.

"மோட்டாரோட ஒரு புத்தகம் குடுத்திருப்பாங்களே," என்றார். "இருக்கா?"

"புத்தகமா? உங்களுக்கெதுக்கு சார் புத்தகம்?"

"உக்காருங்க," என்றார் டிரைவர். "சொல்றேன்."