வியாழக்கிழமை நாற்காலி

வெள்ளானூரில் கோமளா வீட்டு ஜெபக்குழுவில் எத்தனை பேர் வந்தாலும் ஒரு நாற்காலி காலியாகவே கிடக்கும். அடுத்து வரப்போகிற ஆத்துமாவுக்கு என்று அதை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆவடிச் சபை பாஸ்டர் எல்லா வீட்டுக் குழுக்களுக்கும் போட்ட சட்டம் அது. கூட்டம் முடியும்போது எல்லாரும் அந்த நாற்காலியைச் சுற்றி நின்று ஜெபிப்பார்கள். மற்றவர்கள் மனதில் யார் யாரோ இருந்திருக்கலாம். கோமளாவின் மனதில் ஒரே ஆள்தான், கட்டிய புருஷன் ஏகாம்பரம்.

அந்த மனுஷனோ வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவார். ஆறு வருஷமாக இதே கதை. கோமளாவும் விடவில்லை. அவர் அந்த நாற்காலியில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்தால் போதும், அப்புறம் கர்த்தர் தன்னை எடுத்துக்கொண்டாலும் சரி என்று இருந்தாள்.

குழு ஒன்றும் சும்மா வளர்ந்துவிடவில்லை. முதல் மாதம் மூன்றே பெண்கள். மூவரும் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஜெப விண்ணப்பம் என்னவென்று கேட்டால், "எல்லாம் நல்லா கீதுக்கா" என்பார்கள். இப்படியே போனால் குழு ஊத்தி மூடிக்கொள்ளும் என்று கோமளா பாஸ்டரிடம் போய் நின்றாள். "தலைவி முதல்ல மனசைத் திறக்கணும் சிஸ்டர். அப்பத்தான் மத்தவங்க திறப்பாங்க" என்றார் அவர்.

அடுத்த வியாழக்கிழமை கோமளா திறந்தாள். எஸ்டேட் கம்பெனியில் வேலை போனதிலிருந்து ஏகாம்பரம் குடிப்பதைச் சொன்னாள். கம்மலை அடகு வைத்ததைச் சொன்னாள். முந்தின ராத்திரி போதையில் பாயிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு, விடிந்ததும் குழந்தை மாதிரி அழுததையும் சொன்னாள். மூவரில் ஒருத்தியான சாமுண்டீஸ்வரி விம்மி விம்மி அழுதாள். பிறகு தன் மாமியார் அடிக்கிற கதையைச் சொன்னாள். அன்றைக்குத்தான் அது குழுவாயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் கோமளாதான் ஆரம்பிப்பாள். சொல்வதற்கு ஏகாம்பரம் ஏதாவது ஒன்று செய்து வைத்திருப்பார்.

பதினைந்து பேரைத் தாண்டினால் குழுவை இரண்டாகப் பிரிப்பது சபை வழக்கம். பதினேழானதும் பாஸ்டர் பிரித்தார். ஏரிக்கரைப் பக்கம் எழும்பியிருக்கிற பிளாட்டில் நிர்மல் தலைமையில் எட்டுப் பேர். மார்த்தாண்டத்துக்காரன், ஐ.டி. வேலை. ஜெபம் நடத்தக் கற்றுக்கொண்டதே கோமளா வீட்டில்தான். வயிறு எரிந்தாலும் கோமளா வாயைத் திறக்கவில்லை. தன் நாற்காலி தன்னிடம் இருக்கிறது, அது போதும்.

இதற்கிடையில் ஏகாம்பரத்துக்கு அதே பிளாட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. குடியும் குறைந்திருந்தது. கோமளா நாற்காலியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

மூன்றாம் மாதம், ஞாயிறு ஆராதனையில் நிர்மல் மேடையேறினான். தங்கள் குழுவுக்குக் கர்த்தர் முதல் ஆத்துமாவைக் கொடுத்திருக்கிறார் என்றான். நாற்காலி போட வந்தவரை உட்காரச் சொன்னோம், எட்டு வாரமாக வருகிறார் என்றான். பின்வரிசையிலிருந்து எழுந்து போனவர் ஏகாம்பரம். வாட்ச்மேன் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். மைக்கை வாங்கி, "எல்லாம் என் சம்சாரத்தோட ஜெபம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். சபை கைதட்டியது. கோமளாவும் தட்டினாள். ஆறு வருஷம் அவள் கேட்டதைக் கர்த்தர் கொடுத்துவிட்டார், பக்கத்து விலாசத்தில். பாவி மனசு அதைச் சந்தோஷம் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் பொறுத்தாள்.

"ஆறு வருசமா கூப்ட்டேனே. நம்ம ஊட்ல குந்த மாட்டேன்னுட்டு அங்க போய் குந்திகினயே. நான் இன்னாய்யா கொறை வெச்சேன்?"

ஏகாம்பரம் பஸ் வருகிற திசையையே பார்த்தார். "ஒரு தபா வந்தேன் கோமளா. மொத வருசம். குளிச்சுட்டு, வாசல்ல செருப்பைக்கூட கயட்டிட்டேன்."

"நான் பாக்கலியே."

"நீ எப்டி பாப்ப? கண்ணை மூடிகினு பேசிகினு இருந்த. நான் பாய்ல ஒண்ணுக்குப் போன கதை ஓடிகினு இருந்துச்சு. சாமுண்டீஸ்வரி அய்துகினு இருந்தா. நான் திரும்ப செருப்பை மாட்டிகினேன்."

கோமளா பைபிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அங்க அந்தத் தம்பி என் பேரை மட்டுந்தான் கேட்டாரு. வேற ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு" என்றார் ஏகாம்பரம். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பாள்.

அந்த வியாழக்கிழமை வழக்கம்போல ஒன்பது பேர் வந்தார்கள். பாடி முடித்து, வசனம் வாசித்து, விண்ணப்ப நேரம் வந்தது. எல்லாரும் கோமளாவைப் பார்த்தார்கள்.

"ஆரம்பிக்கா" என்றாள் சாமுண்டீஸ்வரி.

கோமளா வாயைத் திறந்தாள். வந்து நின்றதெல்லாம் ஏகாம்பரத்தின் சங்கதிதான். ஆறு வருஷமாக மனதைத் திறக்கிறேன் என்று அந்த ஆளின் வேட்டியைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன்னுடையது என்று சொல்ல அவளிடம் இருந்தது இந்தக் குற்றம் ஒன்றுதான், அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லா கீது" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. மடியில் பைபிளோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலி நாற்காலி பளபளவென்று துடைத்து வைத்தபடியே கிடந்தது. இதே நேரத்துக்குப் பிளாட்டிலும் விண்ணப்ப நேரம்தான். ஏகாம்பரத்தின் முறை வந்திருக்கும். அவர் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருப்பாரோ, கேட்டு யார் யார் அழுதுகொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தபோது கோமளாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.