மாசாணம் தூக்கிய கை

மில்லின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் மாசாணம் தூக்கிய வலது கை, கூட்டம் முடிந்து மிக்சர் பொட்டலம் கொடுத்த பிறகும் கீழே இறங்கவில்லை. அன்னூர் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு இது நடந்தது. பொட்டலத்தை அவர் இடது கையில் வாங்கினார். இடது கையை நீட்டுகிறானே என்று கொடுத்தவர் முகம் சுளித்தாரே தவிர, வலது கை எங்கே போயிற்று என்று மேலே பார்க்கவில்லை.

எங்கள் கூட்டம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருஷம் போனசுக்குப் பதிலாகக் கம்பெனி ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்தது. அன்றிலிருந்து நாங்களும் முதலாளிகள். பஞ்சுத் தூசி தின்று இருமுகிற முதலாளிகள். வருஷத்துக்கு ஒருநாள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்தில் போய் உட்காருவோம். கம்பெனி செக்ரட்டரி தீர்மானத்தை வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் கையைத் தூக்க வேண்டும், குனிந்தால் இறக்க வேண்டும். எந்தக் கணக்குக்கு, எந்த இயக்குநருக்கு, எந்த ஆடிட்டருக்குத் தூக்குகிறோம் என்பது தெரியாது. தெரிந்திருந்தாலும் தூக்கியிருப்போம். சமையல்கட்டிலிருந்து வாசம் வந்துவிட்டால் வாசிக்கும் முன்பே தூக்கிவிடுகிறவர்களும் எங்களில் உண்டு.

அந்த வருஷம் மாசாணம் கை தூக்கியது ஒரு கேள்வி கேட்க. கம்பெனி எங்களுக்காகத் தமிழிலும் ஆண்டறிக்கை அச்சடித்திருந்தது. நரைக்கிற வயதில் முதியோர் கல்வியில் எழுத்துக்கூட்டப் பழகியவர்கள் நாங்கள். வழவழத் தாளில் படத்துக்குக் கீழே இருப்பதை மட்டும் படித்துவிட்டு முழுப் புத்தகத்தையும் படித்ததாகச் சொல்லிக்கொள்வோம். அப்படி ஒரு படத்தில் நீலநிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. தொழிலாளர் லைனில் கட்டி முடிக்கப்பட்ட குடிநீர்த் தொட்டி என்று கீழே போட்டிருந்தது. நாங்கள் குடியிருக்கும் கம்பெனி வீட்டு வரிசையான லைனில் தொட்டி கிடையாது. மாசாணத்தின் மனைவி பழனியாத்தாள் ரோட்டைத் தாண்டிப் போய், தென்னந்தோப்புக்காரர் போர்வெல் மோட்டார் ஓட்டுகிற நேரம் பார்த்துத்தான் தண்ணீர் பிடித்து வந்துகொண்டிருந்தாள். படத்தைப் பார்த்ததும் அவள் கோபப்படவில்லை. "இது எங்கிருக்குதுன்னு மட்டும் கேட்டுப்போட்டு வாங்க. நான் பாட்டுக்கு அங்க போயி புடிச்சுக்கறேன்" என்றாள்.

கம்பெனித் தலைவரான முதலாளி கண்ணையா மில்லுக்குள் எங்களை வா போ என்பார். மைக் முன்னால் மட்டும் மரியாதை கூடிவிடும். மாசாணத்தின் கையைப் பார்த்ததும், "சொல்லுங்க மாசாணம், நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார். வாழ்நாளில் அப்படியொரு விசாரிப்பை முதலாளி வாயிலிருந்து கேட்டிராத மாசாணம் உருகிப்போனார். "நல்லாருக்கமுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கேள்வி உள்ளேயே தங்கிவிட்டது. கை வெளியே நின்றுவிட்டது.

வீட்டில் பழனியாத்தாள் கையைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா?"

"கேக்கத்தான் தூக்குனேன்."

"அப்பறம்?"

"மொதலாளி உன்னைய சௌக்கியமான்னு கேட்டாருடி."

"சௌக்கியத்த நான் கொடத்துல புடிச்சு வெச்சுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாள்.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு அருமையாக இருக்கிறது என்றார்கள். பல்லடத்தில் எண்ணெய் போட்டு நீவுகிறவர் அந்தக் கையில் மூன்று பேரைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மூவரும் கீழே விழுந்தார்கள், கை நின்றது. பிறகு நாங்கள் பழகிக்கொண்டோம். பழகிக்கொள்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. லைனில் செல்போனுக்கு டவர் கிடைக்காது என்பதால் முக்கியமான அழைப்பு வரும் நாளில் போனை மாசாணத்தின் கையில் கொடுத்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பேசினோம். கல்யாணத்துக்கு அவர் வந்தால் தோரணத்தின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னோம். பஸ்ஸில் மட்டும் அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சௌகரியமாக நிற்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

சண்முகப்ரியா வந்தது அந்தச் சமயத்தில்தான். வால்பாறை எஸ்டேட் லைனில் வளர்ந்து, கோயமுத்தூரில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். கம்பெனிகளை யார் எப்படி நிர்வகிக்கிறார்கள், ஆடிட்டர் எதைப் பார்க்கிறார், பங்குதாரர்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பது ஆராய்ச்சி. எங்கள் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஐந்து கட்டம். முழுதாக ஒத்துக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்பது வரைக்கும். வீடு தேடி வந்த பெண்ணிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எல்லா வரிக்கும் முதல் கட்டத்திலேயே டிக் போட்டுக் கொடுத்து, காப்பியும் கொடுத்தோம். ஆடிட்டர் யாருக்கும் அஞ்சாதவர் என்ற வரியையும் முழுதாக ஒத்துக்கொண்டோம். ஆடிட்டர் நிர்வாகத்துக்கு அடங்கியவர் என்ற வரியையும் முழுதாக ஒத்துக்கொண்டோம். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் தாள் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் நீயே உட்கார்ந்து நிரப்பினாயா என்று கேட்டாராம்.

அவள் திரும்பி வந்து லைன் வாசலில் நின்றாள். "ஏனுங்ணா, மனசுல இருக்கறத போடச் சொன்னா எல்லாரும் ஒரே மாதிரி போட்டிருக்கீங்களே?"

"சங்கடப்படாத கண்ணு" என்றார் சாமுவேல், ப்ளோரூமில் பஞ்சு உடைக்கிறவர். "உனக்கு எது வேணுமோ சொல்லு, அதுக்குப் போட்டுத் தாரோம்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் எதிரில் துணி காயப்போட வசதியாக நின்றுகொண்டிருந்த மாசாணத்தைப் பார்த்தாள். அது என்ன கை என்று கேட்டாள். அத்தனை மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டறிக்கையின் அட்டையில் மாசாணத்தின் படத்தைப் போட்டது. பஞ்சு வெள்ளைப் பின்னணி, தூக்கிய கை, கீழே "பங்குதாரர்களின் நிறைந்த ஆதரவு" என்ற வாசகம். அட்டையைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டோம், நம்மாள் என்ற பெருமையில். அதே வாரத்தில் மேனேஜர் மாசாணத்தைக் கூப்பிட்டு, ஸ்பின்னிங்கில் தலைக்கு மேலே ஓடிப் பஞ்சுத் தூசி உறிஞ்சுகிற கிளீனரில் கை மாட்டினால் கம்பெனிக்குக் கெட்ட பெயர், அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் கை இறங்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் லைன் வீடும் போகும். அட்டைப் படம் மட்டும் சுவரில் இருக்கும், சுவர் அவருடையதாக இருக்காது.

"கேள்வியக் கேட்டுப்போட்டீங்கன்னா எறங்கிரும்ணா" என்றாள் சண்முகப்ரியா.

"நீயே கேட்டுரு அம்மணி. படிச்ச புள்ள."

"நான் கேட்டா என்னோட ஆராய்ச்சி கெட்டுருமுங்ணா. நான் பாக்க மட்டுந்தான் முடியும்."

"அப்ப நீயும் எங்களாட்டந்தான்" என்றாள் பழனியாத்தாள்.

கூட்டத்தன்று நாங்கள் அதே சட்டைகளில் போனோம். சண்முகப்ரியா உள்ளே வருவதற்கென்றே ஒரு பங்கு வாங்கியிருந்தாள். மேடையில் ஆடிட்டர் ரங்கராஜ் இருந்தார். கணக்கும் அறிக்கையும் சரியாக இருப்பதாக வருஷாவருஷம் கையெழுத்துப் போடுகிறவர். ஆபீஸ் ரூமில் முறுக்கும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுப் போவாரே தவிர லைன் பக்கம் வந்ததில்லை. கணக்கு வாசித்தார்கள். தூக்கினோம், இறக்கினோம். மாசாணம் எழுந்து நின்றார். கண்ணையா மைக்கை இழுத்து, "அடடே, நம்ம அட்டைப்பட நாயகன்! நல்லா இருக்கீங்களா மாசாணம்?" என்றார். மண்டபம் சிரித்தது. நாங்கள்தான் அதிகம் சிரித்தோம்.

"நல்லாருக்கனுங்க" என்றார் மாசாணம். "ஊட்லயும் நல்லாருக்கறாங்க." இடது கையால் நாற்காலியைத் தடவினார். உட்காரப் போகிறார் என்று நினைத்தோம். "ஒரு வழி கேக்கோணுமுங்க."

"வழியா? கேளுங்க, கேளுங்க."

"போன வருஷப் பொஸ்தகத்துல எங்க லைனுக்குத் தண்ணித்தொட்டி கட்டியிருக்கறதா படம் போட்டிருக்குதுங்க. நாங்க லைன்லயேதான் குடியிருக்கறமுங்க, எங்க கண்ணுக்குத் தட்டுப்படலைங்க. எந்தப் பக்கம் போகோணும்னு சொன்னீங்கன்னா, ஊட்ல கொடத்த எடுத்துட்டு அங்க போயிருவாங்க."

அவ்வளவு மரியாதையாக யாரும் அதுவரை கண்ணையாவை மாட்டிவிட்டதில்லை. கை மெதுவாக, பழைய பஞ்சு மாதிரி இறங்கி, மாசாணத்தின் தொடையோரம் வந்து நின்றது. அவர் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

கண்ணையா மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தார். "அதெல்லாம் நம்ம ஆடிட்டர் பாத்திருப்பாருங்களே" என்று ரங்கராஜ் பக்கம் திரும்பினார். ரங்கராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். எத்தனையோ வருஷம் காப்பியோடு விழுங்கிய கேள்வி ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். வாய் மூடிக்கொண்டது, வலது கை கோட்டுக் கையோடு மேலே போய் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. செக்ரட்டரி அதுவரை தலை நிமிரக்கூட இல்லை. சாமுவேலின் கை பக்கத்தில் இருந்தவரின் ஆண்டறிக்கையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தது. சண்முகப்ரியாவின் கை பேனாவோடு எழுந்தது. செக்ரட்டரி மண்டபத்தைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின என்று எழுதிக்கொண்டார்.

தொட்டியை அடுத்த மாதம் கட்டினார்கள். படத்தில் இருந்த அதே நீலம், கொஞ்சம் ஒழுகும். ரங்கராஜ் தாமே லைனுக்கு வந்து, ஒரு கை வானத்தில் இருக்க, இன்னொரு கையால் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது இடது கையால்தான் கையெழுத்துப் போடுகிறாராம். போடுவதற்கு முன்பு வெகுநேரம் யோசிக்கிறாராம். சண்முகப்ரியாவின் பேராசிரியர், தூக்கிய கை சம்மதமா கேள்வியா என்று எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டிருக்கிறார். அவரவரைக் கேட்டுத்தான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மாசாணம் வேலைக்குப் போகிறார். ஷிப்ட் முடிந்து வந்தால் எங்களுக்கு முதுகு சொறிந்துவிடுவதும், குடத்தை இடுப்பில் ஏற்றிவிடுவதும் அவர்தான். நாங்கள் எங்கள் கேள்வியை இன்னும் கேட்கவில்லை, கையும் இறங்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நிச்சயம் கேட்டுவிடுவோம். அந்த வருஷம் மிக்சரோடு மைசூர்பாகும் உண்டு என்று பேசிக்கொள்வதால் அதற்கு அடுத்த கூட்டமாகவும் இருக்கலாம். அன்னூர் டெய்லர் அளவெடுக்கும்போது, "கேட்டாச்சுங்களா, இன்னுமில்லீங்களா?" என்று மட்டும் விசாரித்துவிட்டு, அதற்குத் தக்கபடி சட்டைக்குக் கை வைக்கிறார்.