குதிரைக்குக் குரல் கொடுத்தவள்

டப்பிங் கலைஞர்கள் நடுவே அவளுக்குக் கீச்சு என்று பெயர். அணில், பொம்மை, அழுமூஞ்சிக் குழந்தை எல்லாவற்றுக்கும் அவள்தான் குரல். சின்ன வயதில் அவள் திரும்பத் திரும்பப் படித்த பழைய சிறுவர் கதை ஒன்று படமாகி வந்திருக்கிறது, தமிழில் குதிரை உனக்குத்தான் என்று டப்பிங் இயக்குநர் போனில் சொன்னபோது, சமையலறையிலேயே ஒரு குதி குதித்தாள்.

பனிக்காட்டில் வழிதவறிய சிறுமியை முதுகில் சுமந்து திரியும் கிழட்டு வெள்ளைக் குதிரை அது. புத்தகம் முழுக்க ஒரு வார்த்தை பேசாது. கீச்சுவின் அப்பா வீட்டை விட்டுப் போன வருடம் அத்தை, சித்தி, எதிர்வீட்டுக்காரர் என்று ஆள் மாற்றி ஆள் வந்து ஆறுதல் சொல்லியே அவள் உயிரை எடுத்தார்கள். சும்மா கூடவே இருந்தது அந்தக் குதிரை மட்டும்தான்.

வாரம் முழுக்க வீட்டில் கனைத்தாள், செருமினாள், மூக்கால் மூச்சை உதறினாள். "வீட்டுல மனுஷங்களும் இருக்கோம்மா," என்றார் கணவர்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் கத்தையாக வசனத்தாள்களை நீட்டினார்கள்.

"சார், குதிரை பேசுதா?"

"பேசாம? பாட்டே இருக்கு!"

"புத்தகத்துல அது வாயே திறக்காது சார்."

"ரெண்டு மணி நேரம் குதிரை சும்மா நின்னா எவன் பார்ப்பான்? ஆரம்பி."

நக்கல் வசனங்களை எப்படியோ ஒப்பேற்றினாள். "யாரு தரையைத் தட்டுறது? மைக்ல விழுது," என்றார் ஒலிப்பதிவாளர். அவள் கால்தான். செருப்பைக் கழற்றினாள். கால் நிற்கவில்லை.

கடைசியில் ஆற்றங்கரைப் பிரிவு. புத்தகத்தில் குதிரை திரும்பிப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கிவிடும். இங்கே சிறுமியின் கன்னத்தில் மூக்கை வைத்து, "அழாதே கண்ணு, நான் உன் நெஞ்சுக்குள்ளதான் இருப்பேன்" என்றது.

"சார், இந்த இடத்தை மட்டும் சும்மா விட்டுடலாமா?"

"வாய் அசையுதே, கீச்சு. நான் என்ன பண்ண?"

வெளியே வந்து நடைவழியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தாகமில்லாமல் தண்ணீர் குடித்தாள். கணவருக்குப் போன் போட்டாள்.

"ஒரு குதிரைக்கா இவ்வளவு?" என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

உள்ளே போய் ஒரே மூச்சில் பேசி முடித்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மோசமாகப் பேசியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. மகள் தோழிகளைக் கூட்டிவந்து, "அம்மா, அந்த வசனம் சொல்லேன்," என்றாள். சொன்னாள். இன்னொருத்தி வந்தாள். மறுபடி சொன்னாள். தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் உலராத துணிகளை எடுத்து மறுபடி காயப்போட்டாள்.

இரண்டாம் பாகத்துக்கு இயக்குநர் அழைத்தார்.

"வேற ஆளைப் பாருங்க சார்."

"உன் குரல்தான் குதிரைன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா!"

"அதனாலதான் சார்."

வேறொருத்தி பேசினாள், நன்றாகவே பேசினாள். அம்மாவேதான் மறுத்தாள் என்று தெரிந்ததும் மகள் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கீச்சுவும் சமாதானப்படுத்தப் போகவில்லை.