கரப்பான்கள் திரும்பி வந்த தெரு

தெருவில் எல்லோருக்கும் அவள் கரியக்கா. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கௌரவமான வேலை. ஆனால் விடுமுறை நாள் வந்தால் மூக்கு நுனிவரை கரி. எண்ணெய் ஆலையில் குப்பையாய்க் குவிந்திருக்கும் கடலைத்தோலை மூட்டை கட்டி வந்து, காற்று புகாத இரும்பு டிரம்மில் அடைத்துச் சுடுவாள். நன்றாகப் பழுத்துச் சிவந்ததும் உள்ளே நீராவியை விட்டால், கரியின் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். ஆக்டிவேட்டட் கார்பன் என்று அதற்குப் பெயர்.

எல்லாம் தெருத் தொட்டிக்காகத்தான். தொட்டிக்குத் தண்ணீர் வருவது வயலோரக் கிணற்றிலிருந்து. வயலில் அடித்த பூச்சிமருந்து முழுக்க அந்தக் கிணற்றில் இறங்கியிருப்பதை அவள்தான் சோதித்துக் கண்டுபிடித்தாள்.

தெருச் சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூட்டத்தை விசில் ஊதித்தான் தொடங்குவார், விசில் ஊதித்தான் முடிப்பார். அதனால் விசில் மாமா.

"ஒரு பிடி கரியில இருக்கற துளையையெல்லாம் பிரிச்சு விரிச்சா ஒரு மைதானம் அளவுக்கு வரும் மாமா. மருந்து அதுல போய் ஒட்டிக்கும்."

"மைதானத்த எங்கம்மா விரிப்ப? ஒரு லாரி நுழையவே தெருவுல இடமில்ல."

எதிர்த்தது அவளுடைய சொந்த அண்ணன். பூச்சிமருந்துக் கடைக்காரர். "ஊர்ல வேற வேலையே இல்லையா உனக்கு? கூடப்பிறந்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போடறியே!" என்று குதித்தார். ஆனாலும் இலவசம் என்றதும் தெரு தலையாட்டியது. தொட்டியடியில் கரி வடிகட்டி உட்கார்ந்தது. தண்ணீர் கண்ணாடியாய் வந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. விசில் மாமா வீட்டில் அத்தை பேரீச்சம்பழம் எடுக்கத் தட்டில் கை வைத்தாள். பழம் எழுந்து நடந்தது.

அத்தை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கரப்பான்பூச்சி! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் அவள் பார்க்காத பிராணி. அடுத்த வாரம் எல்லார் சமையலறையிலும் மீசை. பின்னாலேயே எறும்பு, எறும்பைத் தேடிப் பல்லி என்று உறவுமுறையெல்லாம் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷமாகத் தரையைத் துடைத்த தண்ணீரே பூச்சிகளைக் கொன்றிருக்கிறது.

விசில் ஒலித்தது. கூட்டம்.

"வடிகட்டியக் கழட்டும்மா. நல்லா இருந்த தண்ணியக் கெடுத்துட்ட."

"மாமா, கரப்பான் செத்துப்போற தண்ணிய நாம குடிச்சிருக்கோம்!"

"அது செத்துச்சு. நாம சாகலயே! நாம கெட்டி."

கூட்டத்தில் கைதட்டல் வேறு. கரியக்கா கொண்டுவந்த மூன்று சோதனை அறிக்கைகளையும் விசிறியாக மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அண்ணன் முன்னால் வந்து வடிகட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். "என் தங்கச்சி வெச்சத எவனாவது தொட்டுப் பாருங்க!" பாசம் பொங்கியதற்குக் காரணம், அந்த வாரம் அவர் கடையில் கரப்பான் மருந்து அத்தனையும் விற்றுத் தீர்ந்துபோயிருந்தது. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அண்ணா, எனக்கு ரெண்டு கரப்பான் பிடிச்சுக் குடு. எனக்குப் பயம்."

தொழில் தெரிந்தவர் அல்லவா, மீசையைப் பிடித்தே இரண்டைத் தூக்கினார். ஆளுக்கொரு கண்ணாடிப் பாட்டில். ஒன்றில் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த பஞ்சு, மற்றதில் வடிகட்டிய தண்ணீரில் நனைத்த பஞ்சு. தெரு சுற்றி உட்கார்ந்து பார்த்தது. சாயங்காலம் கிணற்றுக் கரப்பான் ஆறு காலையும் மேலே தூக்கிவிட்டது. மற்றது பாட்டிலுக்குள் உலா வந்துகொண்டிருந்தது.

அத்தை வயிற்றைத் தடவிக்கொண்டு மெல்லக் கேட்டாள். "ஏங்க, நாம இதத்தான் குடிச்சோமா?"

விசில் மாமா விசிலை வாயில் வைத்தார். காற்று வரவில்லை.

வடிகட்டி தப்பியது. ஆனால் அன்றிலிருந்து தெரு நம்பியது கரப்பானைத்தான், கரியக்காவை அல்ல. உயிர் தப்பிய கரப்பான் பாட்டிலோடு தொட்டி மேல் ஏறியது. அதன் பஞ்சை அன்றாடம் வடிகட்டிய தண்ணீரில் நனைத்தார்கள். அதற்கு நிழலுக்கு ஒரு தகரக் கூரையும் போட்டார்கள். தினமும் காலையில் மாமா பாட்டிலைத் தட்டிப் பார்ப்பார். மீசை அசைந்தால் விசில். அதற்குப் பிறகுதான் குடம் நகரும். அண்ணன் மருந்துப் பையோடு தொட்டிப் பக்கம் வரவே தடை.

கரியின் துளையெல்லாம் மருந்தால் நிறைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஒருநாள் கரியக்கா புதுக்கரி மூட்டையோடு போனாள். அறிக்கையைக் காட்டினாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் மாமா. "அவர் நல்லாத்தானே இருக்காரு?"

"அவர் காலத் தூக்கறதுக்குள்ள மாத்திடணும் மாமா!" அவள் மூட்டையைத் தொப்பென்று இறக்கினாள்.

மாமா பதறிப்போய்ப் பாட்டிலைக் காட்டி உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாம்மா, மெதுவா! ஆபீசர் இப்பத்தான் கண்ணசந்தாரு."