நிறம் ஏறாதவர்கள்

வண்ண ஒளிபரப்பு தொடங்கிய அன்று, டிவியில் தெரிந்த விளையாட்டு மைதானத்தில் கூடியிருந்த அத்தனை பேரில் ஒருவன் மட்டும் கறுப்பு வெள்ளையில் இருந்தான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் இருந்தவரின் சட்டை மஞ்சள், பின்னால் இருந்த பெண்ணின் குடை சிவப்பு, புல்தரை பச்சை. அவன் மட்டும் தலைமுடியிலிருந்து விரல்நுனி வரை சாம்பல். தெருவின் முதல் கலர் டிவி பல் டாக்டர் வீட்டுக்குத்தான் வந்திருந்தது. பல் பிடுங்க வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சுகளைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுத் தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது. பெட்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்த டாக்டரின் மனைவி, எழுந்துபோய் நிறத்தைக் கூட்டும் குமிழைத் திருகினார். புல் இன்னும் பச்சையானது, குடை ரத்தமாய்ச் சிவந்தது, அவன் அப்படியே இருந்தான். கடைசி பெஞ்சில் இருந்த நர்ஸ், பக்கத்திலிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில், "அது எங்க புள்ள" என்றார்.

நர்ஸின் கணவர் பஸ் கண்டக்டர். அவர்களுடைய ஒரே மகனைத் தெருவில் நெட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்டர் வேலைக்காகத் தொலைதூரத்தில் ஆற்றுப்பாலம் கட்டுமிடத்துக்குப் போயிருந்தான். வெள்ளம் வந்து பாதிப் பாலத்தையும் அதன்மேல் நின்றவர்களையும் கொண்டுபோனது. சிலருடைய உடல்கள் கீழே எங்கெங்கோ ஒதுங்கின, அவனுடையது கிடைக்கவில்லை. கிடைக்காத வரைக்கும் தன்னால் ஒத்துக்கொள்ள முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் மகனுடைய சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தார். அழுதால் அபசகுனம் என்று மனைவியை அழ விடவில்லை. நர்ஸ் வார்டில் அடுத்தவர்கள் பிள்ளைகளுக்காக அழுவதுபோல அழுது தீர்த்துக்கொண்டார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவள் மருமகள். மணமாகி ஓராண்டுகூட ஆகாத பெண். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊராரின் பேச்சை ஊராரோடு இணைத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கமாட்டாள். மனைவி என்றும் சொல்ல முடியாது, விதவை என்றும் சொல்ல முடியாது. அதே அலுவலகத்து லைன்மேன் ஒருவனுக்கு அவள்மேல் விருப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மொட்டை மாடிகளில் ஏறி ஆன்டெனா கட்டித் தருவான். மேலிருந்து "வருதா?" என்பான், கீழிருந்து "வரல" என்பார்கள். மற்ற வீடுகளில் அரைமணியில் முடிகிற வேலை கண்டக்டர் வீட்டில் மட்டும் சாயங்காலம் வரை இழுத்தது. எந்த அலைவரிசையைத் தேடுகிறான் என்று தெருவுக்குத் தெரியும். கண்டக்டருக்கும் தெரியும். தேநீர் கொடுத்து உட்காரவைத்து, தன் மகன் திரும்பி வரும்வரை இந்த வீட்டில் வேறு பேச்சுக்கு இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். மருமகள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஏழு வருடம் போயிற்று.

அந்த ஆன்டெனா கட்டிய பெட்டி கறுப்பு வெள்ளை. கலர் ஆசைக்காகக் கண்டக்டர் அதன் முன்னால் மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை என்று ஒரு பிளாஸ்டிக் தாளை மாட்டியிருந்தார். செய்தி வாசிக்கிறவரின் நெற்றி நீலமாகவும் மோவாய் பச்சையாகவும் தெரியும். அதில் அவர்கள் எத்தனையோ ஊர்வலங்களையும் பந்தயங்களையும் பார்த்திருக்கிறார்கள். அவற்றிலெல்லாம் அவன் இருந்திருக்கலாம். எல்லோரும் சாம்பலாக இருந்த காலத்தில், யார் இருக்கிறார், யார் இல்லை என்று கண்ணுக்குத் தெரிய வழியில்லை.

அடுத்த மாதம் மலர்க் கண்காட்சியைக் காட்டியபோது, ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே டாக்டர் மனைவியின் தாயார் சாம்பலாக நடந்துபோனார். அவரைக் குழியில் இறக்கியதைத் தெருவே பார்த்திருந்தது. ரயில் நிலையக் காட்சியில் சலூன்காரர் காலமான தன் முதல் மனைவியைக் கண்டார். அவள் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தாள். டிவி நிலையத்தார் காமிராக்களை மாற்றினார்கள், கம்பிகளை மாற்றினார்கள், சில நாட்கள் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று அட்டை போட்டார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். சாம்பல் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை, கண்டக்டரைத் தவிர. மகன் வெகுதூரத்தில் இருக்கிறான், அவ்வளவு தூரத்துக்கு நிறம் போய்ச்சேர நாளாகும் என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர் சொல்கிற கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த பந்தயத்துக்கு அவர் அதே மைதானத்துக்கு நேரில் போனார். டியூட்டி முடிந்து, காக்கி உடையை மாற்றாமல், தோல்பையோடு போனார். இங்கே பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் நர்ஸும் மருமகளும் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வரிசை திரையில் வந்தது. கண்டக்டர் முழு நிறத்தில் இருந்தார். வெயிலில் முகம் செம்பாகியிருந்தது. அவருக்கு இடப்பக்கத்து இருக்கையில் நெட்டையன் சாம்பலாக உட்கார்ந்திருந்தான். தோளும் தோளும் உரசிக்கொண்டிருந்தன. கண்டக்டர் எழுந்து நின்று கூட்டத்தைத் துழாவினார். சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து முன்னால் இருந்தவரிடம் காட்டினார், பின்னால் இருந்தவரிடம் காட்டினார். அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மகன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா களைத்துப்போய் மறுபடி உட்கார வந்தபோது மட்டும், பஸ்ஸில் வயசானவருக்கு இடம் விடுவதுபோல, சற்று நகர்ந்துகொண்டான்.

மருமகள் அழவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பிப்போன நாளில் இருந்த வயதிலேயே அவன் இருந்தான். அவளுக்குக் காதோரம் ஓரிரு நரை வந்துவிட்டது. இப்போது அவன் தன்னைவிடச் சின்னவன் என்பது அவளுக்கு விளங்கியது; விளங்கியதும் எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

கண்டக்டர் இருட்டிய பிறகு திரும்பி வந்தார். தோல்பையை ஆணியில் மாட்டிவிட்டு, கைகால் கழுவாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"வந்தானா?"

"வந்தான். உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தான்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அவர் வலது கையால் தன் இடத்தோளைத் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியலயே" என்றார். நர்ஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றுதான் முதன்முதலாக, அந்த வீட்டிலேயே வாய்விட்டு அழுதார். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் காலை எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்பிய மருமகளைக் கண்டக்டர் கூப்பிட்டார். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "ஏம்மா, அந்த லைன்மேன் தம்பிய ஒரு நாள் சாப்பிட வரச்சொல்லு" என்றார்.

"எதுக்கு மாமா?"

"நான் உன்ன ரொம்ப நாள் நிக்க வெச்சுட்டேன்மா. கால் வலிச்சிருக்கும்."

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டு கிளம்பிப் போனாள். அன்று எக்ஸ்சேஞ்சில் பல அழைப்புகள் தவறான இடங்களுக்குப் போய்ச்சேர்ந்தன என்றும், யாரும் புகார் தரவில்லை என்றும் கேள்வி.

பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் இடத்தில் நின்று கையெழுத்துப் போட்டவர்கள் கண்டக்டரும் நர்ஸும்தான். அடுத்த தெருவிலேயே தம்பதிக்கு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். கண்டக்டர் ஓய்வுபெற்ற வருடம் கலர் டிவி வாங்கினார். லைன்மேன் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பிக் கட்டினான். பெண்குழந்தை ஒன்று பிறந்தது. பள்ளிவிட்டால் அது இந்த வீட்டுக்குத்தான் வரும். ஒருநாள் மைதானத்துக் கூட்டத்தைக் காட்டியபோது அது விரலை நீட்டி, அந்தச் சாம்பல் மாமா யார் என்று கேட்டது. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அதன் அம்மாவின் கை நின்றது. லைன்மேன் தரையைப் பார்த்தான். அப்படி ஓர் உறவுக்கு என்ன முறை என்று அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை. கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மாமா இல்லடா கண்ணு. உனக்குப் பெரியப்பா."

லைன்மேன் தலையை ஆட்டினான். குழந்தைக்கு அது போதுமாக இருந்தது. அதன்பிறகு எந்தக் கூட்டத்தைக் காட்டினாலும் முதலில் கண்டுபிடிப்பது அவள்தான். பெரியப்பா வந்துட்டாங்க என்பாள். கண்டக்டர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துக்கொள்வார். சில நாட்களில் அவன் இளைத்த மாதிரி இருக்கிறான் என்று நர்ஸ் சொல்வார், இல்லை, அப்படியேதான் இருக்கிறான் என்று மருமகள் சொல்வாள். பிறகு வானிலை அறிக்கை வரும். நாளைக்கு மழை உண்டா என்று கேட்டுவிட்டு எல்லோரும் சாப்பிட எழுந்து போவார்கள்.