‘சரிசெய்யப்பட்டது’ என்ற ஒரு வரி

1

இந்தக் கதை உளுந்தளவு கறுப்பு டேப் துண்டிலிருந்து தொடங்கியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை வெட்டியவன் பெயர் டிஜோ. குளச்சல்காரன். அரசுத் தேர்வுக்காக நாகர்கோவிலில் மாலை வகுப்புக்குப் போகிறவன். கட்டுரை கைவர வேண்டுமென்று தினம் ஒரு பக்கம் டைரி எழுதிக் காட்டச் சொல்லியிருந்தார் கிரேசி டீச்சர். அவன் நோட்டில் இதுவரை ஓர் அடித்தல்கூடக் கிடையாது. இனி இருக்கும்.

[முதல் தொடக்கம்: “ஏமாற்றுக்கார மெக்கானிக் ஒருவன் இருந்தான்.” கைவிட்டாயிற்று. ஞானதாசன் யாரையும் ஏமாற்றவில்லை.]

[இரண்டாம் தொடக்கம்: “2013 ஜூனில், மழை பிடித்துக்கொண்டபோது…” பழியை மழைமேல் போடப் பார்க்கிறது.]

2

கார் அக்கா பிரிஜாவுடையது. மஸ்கட்டில் ஆறு வருடம் நர்சாக இருந்துவிட்டு வந்தவள், பதினொரு வருடப் பழைய காரை வாங்கி, அதில் நெய்யூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். ஒருநாள், திடீரென்று பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, அணையவில்லை. “பாத்து சரியாக்கி வை மக்கா” என்று சாவியைத் தந்தாள்.

கடல்காற்றில் சக்கரத்தின் சென்சார் துருப்பிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை மாற்றித் தருவதாக மெக்கானிக் ஞானதாசன் சொன்னார்.

செவ்வாய் மதியமே டிஜோ அன்றைய பக்கத்தை எழுதிவிட்டான். நோட்டை ஐந்து மணிக்குக் காட்ட வேண்டும். கார் கைக்கு வருவது வகுப்பு முடிந்த பிறகு. ஒழுங்கானவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. சோம்பேறிக்கு வராது. கடைசி வரி: “இன்று காரின் ஏபிஎஸ் சரிசெய்யப்பட்டது.” டீச்சர் சிவப்பு மையில் டிக் போட்டு ‘நன்று’ என்று எழுதினார்.

3

பட்டறைக்குப் போனபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“புது சென்சார் போட்டும் அணையல்ல. உள்ள யூனிட்டே போச்சு மக்கா. இந்தக் கெழட்டு வண்டிக்கு அது கெடைக்கது கஷ்டம்” என்றார் ஞானதாசன்.

“அப்போ ஓட்டப்பிடாதா அண்ணே?”

“யாரு சொன்னா? பிரேக்கு நல்லா பிடிக்கும். ஒரேயடியா சவுட்டினா வீலு பூட்டிக்கிட்டு சறுக்கும், அம்புட்டுதான். எனக்க ஜீப்புல ஏபிஎஸ்ஸா இருக்கு? செத்தா போனேன்? ஓட்டுகது யாரு, நீயா?”

“அக்கா.”

“வண்டி ஓட்ட எங்க படிச்சா?”

“மஸ்கட்டுல.”

துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “அப்போ ஏபிஎஸ் உள்ள வண்டியில, பிரேக்க சவுட்டிப் பிடிச்சிட்டே ஸ்டியரிங்க திருப்பத்தான் படிச்சிருப்பா. இது திரும்பாது, கேட்டியா. விட்டு விட்டு சவுட்டணும். சரியாக்காட்டாலும் பரவாயில்ல. அவகிட்ட சொல்லிரு.”

(பழைய காரில் ஏபிஎஸ்ஸைச் சரிசெய்ய வேண்டுமா என்று இரண்டு பக்கமும் வாதாடிக் கட்டுரை எழுத டிஜோவால் முடியும். யாரும் அவனிடம் கட்டுரை கேட்கவில்லை. ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்கள்.)

4

சாப்பிடும்போது பிரிஜா நோட்டை வாங்கிப் புரட்டினாள். தம்பியின் எழுத்துப்பிழைகளைக் கண்டுபிடிப்பது அவளுக்கு விளையாட்டு. “சரியாயிட்டா? டீச்சரே டிக் போட்டாச்சே, பின்ன என்ன!”

டிக் விழுந்த வரியை அடிக்க அவனுக்குக் கை வரவில்லை. “ம்” என்றான். மறுநாள் காலையில் அவள் குளிக்கும் நேரம் பார்த்து டேப்பை வெட்டி, காரில் அந்த விளக்கின்மேல் ஒட்டினான். வரி உண்மையாக வேண்டுமானால் விளக்கு அணைய வேண்டும். அணைந்தது.

[அடித்தது: “அவன் கைகள் நடுங்கின.” இல்லை. துண்டு கச்சிதமாகப் பொருந்தியதில் அவனுக்குத் திருப்தியாக இருந்தது.]

5

வெள்ளிக்கிழமை அவள் பழபஜ்ஜிப் பொதியோடு வந்தாள்.

“ஏலே, உனக்குத்தான். குளத்தங்கரை வளைவுல ஒரு ஆடு குறுக்க சாடிச்சு. ஒரே சவுட்டு. மீன்காரர் சைக்கிளுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் வண்டி நின்னுட்டு. நீ சரியாக்கி வச்சதினால தப்பிச்சேன்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா மஸ்கட்டுல ஏபிஎஸ் பிடிக்கும்போ காலுக்கடியில பெடல் துடிக்கும், இதுல துடிக்கல்ல. இங்க ரோடு வேற இல்லியா, அதினாலயா இருக்கும்.”

இந்த இடத்தில் டிஜோவை அழவைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவன் மூன்று பஜ்ஜி தின்றான்.

6

முடிவு அ: டிஜோ அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். (நம்பும்படி இல்லை. ஐந்து நாளாக வாய் திறக்காதவன்.)

முடிவு ஆ: திங்கட்கிழமை. நல்ல மழை. அதே வளைவில், எதிரே பள்ளிக்கூட வேன் ஒன்று

(முடிக்க முடியவில்லை.)

‘அவன்’ என்று எழுதிவந்தது ஒளிந்துகொள்ளத்தான். டிஜோ நான்.

7

இன்று ஞாயிறு. பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, பிழை தேட இந்த நோட்டை எடுப்பவர் ஒருவர்தான் இந்தக் கதையின் வாசகர்.

அக்கா, டேப்பை உரித்துவிட்டேன். இந்தப் பக்கத்தின் கீழ்மூலையில் ஒட்டியிருப்பது அதுதான். விளக்கு எரிகிறது. வண்டியில் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை நீ தப்பித்ததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். மிதித்துப் பிடித்துக்கொண்டே திருப்பினால் திரும்பாது.

யூனிட் தேடுவதா, இப்படியே ஓட்டுவதா, என்னோடு பேசுவதா என்பதெல்லாம் இனி உன் கையில். நான் வெளியே காருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நீ வந்து என்ன சொல்வாய் என்று இப்போதே எழுதிவைக்க என்னால் முடியும்.

எழுதமாட்டேன். அது இன்னும் நடக்கவில்லை.