தேனியண்ட வீட்டுத் துப்பாக்கி மச்சு

குடகில், காரேகுந்து ஊரில் தேனியண்ட வீட்டுத் துப்பாக்கிகள் ஐந்தும் மழைக்காலத்தில் விளக்கு வைத்ததும் தாமாகவே வெளியே போய், விடிவதற்குள் திரும்பி வந்துவிடும். முழங்கால் வலிக்காரர்கள் படியிறங்குவதுபோலக் அடிக்கட்டையை ஊன்றி ஊன்றி இறங்கும். சுடுவதில்லை, வயல் வரப்பில் சும்மா நிற்கும், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தாக்கில் யாருடைய நெல்லிலும் காட்டுப்பன்றி வாய் வைத்ததில்லை என்பதால் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசியதும் இல்லை. மிளகு விலை இறங்கியதைப் பற்றித்தான் பேசினார்கள். வீட்டுக்காரர் மந்தண்ணா காலையில் சேற்றைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சுவரில் மாட்டுவார். ஒரு வேனிலில் அவர் இறந்துபோனதும் அந்த வேலை மனைவி தேச்சவ்வாவின் கைக்கு வந்தது.

முதல் மழைக்குப் பிறகு, புதிதாக வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் துப்பாக்கிகளைக் கணக்கெடுக்க வந்தபோது சுவரில் நான்குதான் இருந்தன. ஓடையில் வெள்ளம் என்பதால் பிந்திப்போன ஐந்தாவது, அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசற்படி ஏறி வந்து தன் ஆணியில் மாட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் நேர்மையான மனிதர். கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்லவில்லை. குடகர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது பழைய சலுகை, அதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் துப்பாக்கி பூட்டிய அறையைவிட்டுப் போகக் கூடாது என்றார். ஆயுதங்களுக்குப் பூச்சூட்டும் கைல்போது திருநாளுக்குள் அப்படியோர் அறை இல்லாவிட்டால் ஐந்தையும் மடிகேரிக் கிடங்குக்கு எடுத்துப்போவதாகவும் சொன்னார். சேதி எட்டியதும் கோணிகொப்பலிலிருந்து கொழுந்தன் பூணச்சன் ஜீப்பில் வந்து இறங்கினான்.

"அண்ணி, அஞ்சையும் எங்கிட்ட குடுத்துடுங்க. பொம்பளை தனியா இருந்துகிட்டு இதையெல்லாம் கட்டி மேய்க்க முடியுமா?"

"மாட்டையே மேய்க்கறேன், இதுங்களுக்கு என்ன? காபியக் குடிச்சிட்டுக் கெளம்பு."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவன் போனதும் சுவரில் தொங்கிய ஐந்தையும் மறுபடி மறுபடி எண்ணினாள். துப்பாக்கி போன வீட்டைக் குடகில் யார் வீடாக மதிக்கிறார்கள்? திருநாளன்று செங்காந்தள் செருக ஒரு குழல் இல்லாத வீட்டில் யார் வந்து கை நனைப்பார்கள்? மந்தண்ணா போன துக்கத்தைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். இந்தப் பயத்தைத் தாங்க முடியவில்லை.

கூரைக்கு அடியில் சாமான் போட்டுவைத்திருந்த மச்சைத்தான் அறையாக்குவது என்று முடிவு செய்தாள். ஆரஞ்சுக் கூடைகளும் மிளகுச் சாக்குகளும் இறங்கின. பலா உத்திரங்களுக்கு அடியில் இரும்புச் சட்டம் ஏறியது, ஓட்டுக்கு உள்பக்கம் தகடு ஏறியது. கதவுக்கு இரண்டு பூட்டு. துப்பாக்கிகளை நிறுத்தக் கம்பளி ஒட்டிய தாங்கிகள், விசை வளையங்கள் வழியாகக் கோத்த சங்கிலி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. வயல் பக்கம் கையளவு சன்னல், அதற்கும் கம்பி. எல்லாவற்றையும் முடித்து, அறையை வீட்டுச் சுவரோடு சேர்த்துப் போல்ட்டு போட்டு இறுக்கினான் வெல்டர் உம்மர்.

"தேச்சக்கா, இதுக்குள்ள யானையக் கட்டினாலும் அசையாது."

"யானை சொன்ன பேச்சு கேக்கும்டா. இதுங்க கேக்காது."

கேட்கவில்லைதான். பூட்டிய நாள் முதல் துப்பாக்கிகள் சங்கிலியை இழுத்த இழுப்பில் அடுக்களைப் பாத்திரங்கள் உருண்டன. எண்ணெய் காயுமுன் குழலில் துரு ஏறியது. பன்றிகள் குட்டிகளோடு வயலில் இறங்கி, நட்ட நாற்றை உழுதுபோட்டன. ஊர் திரண்டு வந்து முற்றத்தில் நின்றது. "போலீசுக்குப் பயந்து எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று சொந்தப் பங்காளியே கத்தினான். அவிழ்த்துவிட்டால் இன்ஸ்பெக்டர் கொண்டுபோவார், பூட்டிவைத்தால் ஊர் காறித் துப்பும். தேச்சவ்வா சாப்பாட்டில் கைவைத்தபடியே வெகுநேரம் மச்சை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு உம்மருக்குச் சொல்லியனுப்பினாள்.

"கதவு பூட்டியே இருக்கட்டும், சங்கிலியும் இருக்கட்டும். அறைய வீட்டோட பிடிச்சிருக்கற போல்ட்ட மட்டும் கழட்டிடு."

"அக்கா, ஜுரம் கிரம் அடிக்குதா உங்களுக்கு?"

"துப்பாக்கி அறைய விட்டுப் போகக் கூடாதுன்னுதானே சொன்னாரு? அறை வீட்ட விட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னாரா?"

உம்மர் தலையைச் சொறிந்துகொண்டே கழற்றினான். அன்று விளக்கு வைத்ததும் மச்சு, கதவும் பூட்டும் ஓடும் தகடுமாக, வீட்டைவிட்டு மெல்ல எழும்பி வயல் பக்கம் போயிற்று. அது விட்டுப்போன இடத்தில் வானம் தெரிந்தது. ஆனால் அந்த வழியாக மழை உள்ளே வரவில்லை. விடிவதற்குள் மச்சு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. ஒரே வாரத்தில் துரு உதிர்ந்தது, பன்றிகள் காடு திரும்பின, ஊர் மறுபடி மிளகு விலையைப் பேசத் தொடங்கியது.

கைல்போதுக்கு முந்தின நாள் மாலை, கூரையில்லாத வீட்டைக் காட்டிக்கொடுக்கப் பூணச்சனே இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்தான். மச்சு வயலுக்கு மேலே கமுகு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஏணி கேட்டார். சேற்றில் ஊன்றிய ஏணியை உம்மர் பிடித்துக்கொள்ள, ஏறிப்போய் இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்தார், சன்னல் வழியே டார்ச் அடித்து ஐந்தையும் எண்ணினார், நிதானமாக இறங்கி வந்தார்.

"அறை எங்க நிக்கணும்னு ரூல்ல ஒண்ணும் போடலம்மா. பூட்டு நல்லா இருக்கு."

"சார், அது ஆகாசத்துல நிக்குது சார்!" என்றான் பூணச்சன்.

"அதான் இன்னும் பாதுகாப்பு. திருடன் ஏணி வேற தூக்கிட்டு வரணுமே."

மறுநாள் ஐந்து குழல்களிலும் தேச்சவ்வா தன் கையாலேயே செங்காந்தள் செருகினாள். அவள் வைத்த பன்றிக் கறியும் கடம்புட்டு அரிசி உருண்டைகளும் மூன்று பந்திக்கும் போதவில்லை, அத்தனை கூட்டம். அடுப்படியில் நின்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீரும் வந்தது, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று துடைக்காமல் விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த இன்ஸ்பெக்டர்களும் ஏணியோடுதான் வந்தார்கள். சில மழைக்காலம் கழித்து, பூணச்சனின் இஞ்சித் தோட்டத்தைப் பன்றிகள் இரண்டாம் முறையாகக் கிளறிப்போட்டன. அவன் ஜீப்பை வெகுதூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான்.

"அண்ணி... வாரத்துல ஒரு நாளு மச்ச எங்க பக்கமும் அனுப்ப முடியுமா?"

"நான் யாருடா அனுப்ப? இரு, கேட்டுட்டு வரேன்."

சாவிக்கொத்தோடு மேலே போனவள் சற்று நேரத்தில் இறங்கி வந்தாள்.

"புதன்கிழமை வருதுங்களாம். வழியில மரக்கிளையெல்லாம் இடிக்காம பாத்துக்க."

பூணச்சன் செவ்வாய்க்கிழமையே ஆள் வைத்துக் கிளைகளை வெட்டினான்.